ஈசான மூலையில் கட்டிய தோரணம்

மழை பெய்த கரிசல் மண்ணில் ஆய்வாளரின் ஜீப் ஓடாது. இந்த ஒரே காரணத்தால், நான் கண்காணிப்பாளனாக இருந்த கட்டடம் அரசாங்கத்தின் பார்வையில் எக்காலத்தும் உலர்ந்ததாகவும் உறுதியானதாகவுமே இருந்து வந்தது.

இரண்டாயிரத்தை ஒட்டிய ஆண்டுகள் அவை. கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனை செல்லும் சாலையோரத்தில், முன்பு பருத்தி விளைந்த ஒரு நிலத்தில், தீப்பெட்டித் தொழிற்சாலை நடத்திவந்த முதலாளி ஒருவர் திருமண மண்டபம் கட்டத் தொடங்கினார். அவரது தொழிற்சாலையில் சரக்குக் காவல் பார்த்துக்கொண்டிருந்த என்னை அங்கே கண்காணிப்பாளனாக அனுப்பினார். கட்டட வேலையில் எனக்கு அறிவு உண்டென்று அவர் கருதியதில்லை, நானும் கருதியதில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, பின் நூலகத்தில் அமர்ந்து நானாகக் கற்றுக்கொண்ட உரைநடையே எனது தகுதி. "அண்ணாச்சி, நீங்க நல்லா எழுதுவிய. ஆபீஸ்காரங்க கேக்கிறதுக்குப் பதில் எழுதணும்லா, அதுக்குத்தான்" என்றார் முதலாளி. நான் எழுதியவற்றை அவர் ஒருநாளும் படித்ததில்லை. கையெழுத்து மட்டும் தவறாமல் இடுவார். அதனை என் நடைக்குக் கிடைத்த மரியாதை என்று நெடுநாள் எண்ணியிருந்தேன்.

கட்டடத்தின் வடகிழக்கு மூலையில், சவுக்குக் கம்புகளின் மேல் பலகைகளை அடித்து, தரையிலிருந்து முதல் தளம் வரை சாய்வாக ஒரு வழி அமைத்திருந்தார்கள். எல்லோரும் அதனைப் பலகை என்றே சொல்வோம். அதன் ஒரு பக்கம் சுவர். மறுபக்கம் வெறும் வெளி. சாந்துச் சட்டியைத் தலையில் சுமந்து பெண்கள் ஏறுவார்கள். ஒரு கை சட்டியைப் பிடித்திருக்கும். மற்றொரு கைக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

புரட்டாசி வெயிலில் முதன்முறையாகத் தொழிலாளர் துறை ஆய்வாளர் வந்தார். கண்ணியமான மனிதர். பலகையில் நான்கடி ஏறிப் பார்த்து, காலால் தட்டிப் பார்த்து, "உறுதியாத்தான் இருக்கு. ஆனா இந்தப் பக்கம் கைப்பிடி வேணும். ஆளுங்க தலைக்குக் கவசம் எங்கே?" என்று கேட்டார். தலைக்கவசம் உண்மையில் ஒன்று இருந்தது. திருஷ்டி படாமலிருக்க மேலே கட்டித் தொங்கவிட்டிருந்த வைக்கோல் பொம்மையின் தலையில் அது இருந்தது. ஊரார் கண் முதலில் அதன்மேல்தான் விழுமென்பதால், காப்பும் அதற்கே முதலில் தேவையென்று மேஸ்திரி முடிவு செய்திருந்தார். ஆய்வாளர் அண்ணாந்து பார்த்தார். சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டார்.

கைப்பிடி பற்றி முதலாளியிடம் சொன்னேன். அவர் திடுக்கிட்டார்.

"எந்த மூலைன்னு தெரிஞ்சுதான் சொல்லுதியளா? ஈசான மூலை அண்ணாச்சி! அதை அடைச்சா மண்டபம் விளங்குமா? வாஸ்துக்காரர் அந்த மூலையில ஒரு குச்சிகூட குறுக்க நிக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்காவ."

வாஸ்துக்காரரின் சொல்லுக்காக வாசலை இரண்டு முறை இடம் மாற்றியவர் அவர். எனவே கைப்பிடி அமைக்கப்படவில்லை. எனினும் ஆய்வாளருக்குப் பதில் எழுதியாக வேண்டுமே. 'தாங்கள் பணித்தவண்ணம் பாதுகாப்புக் கைப்பிடி அமைக்கப்பட்டு வருகிறது' என்று எழுதினேன். 'வருகிறது' என்ற சொல்லின்மேல் எனக்கு ஒரு தனி மனநிறைவு இருந்தது. அது எப்போது வந்து சேரும் என்று எந்த அலுவலகமும் கேட்க முடியாது.

ஐப்பசி மழை வந்தது. கரிசல் மண்ணில் மழைக்குப்பின் நடந்தவர்கள் அறிவார்கள்: ஒவ்வோர் அடிக்கும் ஒரு படி மண் பாதத்தோடு எழுந்து வரும். அந்தப் பாதத்தோடு பலகையில் ஏறினால் மரம் எண்ணெய் தடவியதுபோல் ஆகிவிடும். அப்படி ஏறிய பெண் ஒருவர் பாதி உயரத்தில் வழுக்கி, வெறும் வெளியாக இருந்த பக்கத்தில், கீழே குவித்திருந்த செங்கலின் மேல் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. தீப்பெட்டி ஏற்றும் லாரியிலேயே மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்.

மறுநாள் முதலாளி என்னிடம் வந்து, "பாதகம் இல்லாம எழுதிருங்க" என்றார். நானும் எழுதினேன். 'மேற்படி தொழிலாளி பணி முடிந்து திரும்பியபின், தமது இல்லத்து முற்றத்தில் கால் இடறி வீழ்ந்து காயமுற்றார்.'

விழுந்தவரின் அண்ணன் மனைவியும் அங்கேயே சித்தாளாக இருந்தார். பசுவந்தனைப் பக்கத்திலிருந்து இருவரும் ஒன்றாகவே வேலைக்கு வருவார்கள். அன்று மதியம் அவர் என் மேசையருகில் வந்து நின்று, என்ன எழுதியிருக்கிறேன் என்று வாசித்துக்காட்டக் கேட்டார். மறுக்க வழியில்லை. வாசித்தேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

"அவ வீட்டுக்கு ஏது அண்ணாச்சி முற்றம்? கதவைத் தொறந்தா ரோடுல்லா."

நான் தாளை மடித்தேன்.

"அது கிடக்கட்டும். அவ எந்திரிக்க மாசக்கணக்காவும். ரெண்டு வீட்டுக்கும் இப்ப நான் ஒருத்திதான் சட்டி தூக்குதேன். நானும் அங்கன வழுக்கி விழுந்தா, அதுக்கு எந்த முற்றம்னு எழுதுவிய?"

"முதலாளி ஈசான மூலையை அடைக்கக் கூடாதென்கிறார், அம்மா."

"அடைக்க வேண்டாம். பிடிச்சுக்கிட ஒரு கயிறு. அம்புட்டுத்தான்."

"கயிறு கட்டினாலும் குறுக்கே நிற்கிறது என்பார்."

அவர் வடகிழக்கு மூலையைப் பார்த்தவாறே நின்றார். பிறகு, "தோரணம் கட்டினா?" என்று கேட்டார்.

இதனை என் யோசனை என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசை உண்டு. ஆயினும் ஏற்கெனவே ஒரு முற்றத்தை இட்டுக்கட்டியவன் இன்னொரு பொய்க்கு அஞ்ச வேண்டியிருக்கிறது. யோசனை முழுவதும் அவருடையது. என் பங்கு கயிறு மட்டுமே. லாரியில் தீப்பெட்டிப் பண்டல்களை இறுக்கிக் கட்டும் கெட்டிக் கயிற்றில் பழையது ஒன்று கிடங்கில் கிடந்தது. அதனை எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் காலையில் சவுக்குக் கம்புகளை நட்டு, இடுப்பு உயரத்தில் கயிற்றை இழுத்துக் கட்டி, கயிறே தெரியாதபடி மாவிலையும் வேப்பிலையும் செருகி முடித்தார்கள் பெண்கள்; இலை வாடும்போதெல்லாம் புதிதாகச் செருகினார்கள்.

மேஸ்திரிக்குச் சிரிப்புத் தாளவில்லை. "ஏட்டி, மண்டபம் எழும்புததுக்கு முந்தியே கல்யாணமா? மாப்பிள்ளை யாரு?"

"மாப்பிள்ளை மேல தொங்குதாருல்லா" என்றார் யோசனை சொன்ன பெண்மணி, திருஷ்டி பொம்மையைக் காட்டி. "தொப்பியெல்லாம் போட்டு அவரைத்தானே பத்திரமா வச்சிருக்கிய."

முதலாளி வந்து பார்த்தார். அவிழ்க்கச் சொல்வார் என்று நினைத்தேன். அவரோ செருப்பைக் கழற்றிவிட்டு, வடகிழக்கு நோக்கி ஒரு கும்பிடு போட்டு, "ஈசான மூலையில தோரணம்! யாருக்குத் தோணிச்சு இது? நல்ல காரியம்" என்றார். அரசாங்கம் மூன்று படிகளில் எழுதி அனுப்பியும் வராத கைப்பிடி, இரண்டு கூடை இலைகளோடு வந்து நின்றது.

கார்த்திகையில் ஒரு வாரம் மழை விட்டு வெயில் அடித்தது. மண் இறுகியதும் ஜீப் வந்தது. ஆய்வாளர் தோரணத்தைப் பார்த்து, "இன்னைக்கு ஏதும் விசேஷமா?" என்று கேட்டார்.

"ஆமா சார்" என்றார் முதலாளி, பெருமையோடு.

"கைப்பிடி போடுறதா எழுதியிருந்தீங்களே, அது எங்கே?"

நான் தோரணத்தைப் பார்த்தேன். அதுதான் ஐயா கைப்பிடி என்று சொல்லிவிடலாம். சொன்னால் முதலாளி அக்கணமே அதனை அவிழ்த்தெறிவார். அந்தச் சித்தாள் பெண்மணி சட்டியோடு பலகையின் நடுவில் நின்று, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "அமைக்கப்பட்டு வருகிறது, ஐயா" என்றேன்.

ஆய்வாளர் 'கைப்பிடி இல்லை' என்று எழுதி, பதினைந்து நாளில் விளக்கம் கேட்டுவிட்டுப் போனார். ஆக, கைப்பிடி தாளில் இருந்த காலத்தில் பலகையில் இல்லை. பலகைக்கு வந்து சேர்ந்த காலத்தில் தாளை விட்டுப் போய்விட்டது. என் எழுத்து வாழ்க்கையில் இவ்விரண்டையும் ஒருசேர நிறுத்த இயலாமற்போனது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மார்கழி பிறப்பதற்குள் முதல் தளத்துக்குக் கான்கிரீட் போட்டுவிட வேண்டுமென்று முதலாளி பிடிவாதமாக நின்றார். கார்த்திகையின் கடைசி நாட்களில் ஒன்றைக் குறித்தார்கள். காலையில் வானம் வெளுத்திருந்தது. பத்து மணிக்கெல்லாம் தூறல் தொடங்கிவிட்டது. கான்கிரீட் போட ஆரம்பித்தால் பாதியில் நிறுத்தக்கூடாது. நிறுத்திய இடத்தில் பிற்காலத்தில் நீர் கசியும். மேஸ்திரி போட்டவரையில் தார்ப்பாய் விரித்துக்கொண்டே வேலையை ஓட்டினார். கீழே கலவை இயந்திரம் சுழன்றது. பெண்கள் வரிசையாக ஏறினார்கள்; காலில் கரிசல், தலையில் சட்டி, ஒரு கை தோரணத்தில்.

ஏறும் கைகளும் இறங்கும் கைகளும் பட்டுப் பட்டு, மாவிலைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. வேப்பிலை சேற்றில் மிதிபட்டது. மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் ஓர் இலைகூட மிஞ்சவில்லை. ஈசான மூலையின் குறுக்கே லாரிக் கயிறு ஒன்று கட்டியிருப்பது எல்லோருக்கும் நன்றாகத் தெரிந்தது. முதலாளி குடையோடு கீழே நின்றுகொண்டிருந்தார். அவர் எப்போது அண்ணாந்து பார்ப்பாரோ என்று நான் அவரையே கவனித்துக்கொண்டிருந்தேன்.

அவர் பார்த்த கணத்தில்தான் அது நடந்தது. நாத்தனார் விழுந்த அதே உயரத்தில், அந்தப் பெண்மணியின் கால் சறுக்கியது. சட்டி தலையை விட்டுப் போய்ச் செங்கலின் மேல் விழுந்து உருண்டது. இரண்டு கைகளும் கயிற்றைப் பற்றின. கயிறு விறைத்தது, சவுக்குக் கம்பு ஒரு முழம் வெளிப்பக்கம் சாய்ந்து, நின்றது. அவரும் நின்றார்.

மேலேயிருந்து மேஸ்திரி கத்தினார். "ஏட்டி! ஒரு சட்டிக் கலவை போச்சே!"

"கலவைதானே போச்சு மேஸ்திரி" என்றார் அவர், மூச்சு வாங்கியபடி. "அள்ளிக்கிடலாம்."

முதலாளி விழுந்த சட்டியைப் பார்த்தார். பிறகு கயிற்றைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அது தம் லாரியின் கயிறு என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். ஈசான மூலை அடைபட்டிருக்கிறது என்பதும் தெரிந்திருக்கும். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"அண்ணாச்சி, இலையெல்லாம் உதிர்ந்து போச்சு. நாளைக்குப் புதுசா மாவிலை வாங்கிக் கட்டச் சொல்லுங்க." குடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "தோரணத்துக் கயிறும் நைஞ்ச மாதிரி தெரியுது. ஷெட்டுல புதுக் கயிறு கிடக்கும்."

அந்தப் பெண்மணி பலகையில் நின்றவாறே கேட்டுக்கொண்டிருந்தார். "இலை எம்புட்டு வேணும்னாலும் கட்டுதோம் முதலாளி. ரெண்டாவது மாடிப் பலகைக்கு ரெண்டு பக்கமும் தோரணம் வேணும். அங்கன சுவர் கிடையாதுல்லா."

"கட்டுங்க, கட்டுங்க" என்றார் முதலாளி. "மங்கலம்தானே."

ஆய்வாளர் கேட்ட விளக்கத்தை அந்த வாரமே எழுதினேன். அதற்கு முன் நான் எழுதிய எதனையும்விட அது நடையில் எளியது. 'ஈசான மூலையில் தோரணம் கட்டப்பட்டுள்ளது. அது பிடித்துக்கொள்ளத்தக்கது. முன்னர்க் காயமுற்ற தொழிலாளி விழுந்தது இந்தப் பலகையிலிருந்துதான். அவருடைய வீட்டுக்கு முற்றம் இல்லை.' முதலாளி வழக்கம்போல் படிக்காமல் கையெழுத்திட்டார். பெறுகிற இடத்திலும் அவ்வாறே படித்திருப்பார்கள் போலும். பதில் வரவில்லை. ஜீப் வர மண்ணும் தை முடியும்வரை காயவில்லை.