கோடு விழுந்த மஃபின்

என் மகளுக்குப் பால் ஆகாது, முட்டை ஆகாது, வேர்க்கடலை ஆகவே ஆகாது. பால் பட்டால் உடம்பெல்லாம் தடித்துப்போகும். கடலை வாயில் பட்டுவிட்டால் உதடு வீங்கி மூச்சு இழுத்துக்கொள்ளும். அவள் அம்மா பிறந்ததோ செய்யூர்ப் பக்கம். வீட்டைச் சுற்றிக் கடலைக் கொல்லை. "உங்க ஊரு சாமி நல்லாத்தான் வெளையாடுது" என்று என் மனைவியைச் சீண்டுவேன். "எல்லாம் உன் ரத்தம். எங்க வூட்ல யாருக்கும் இப்படி இல்ல" என்பாள் அவள். அந்த வழக்கு கடைசிவரை தீரவில்லை.

நான் வேன் ஓட்டுகிறவன். காலையில் சதுரங்கப்பட்டினத்தில் எடுத்து, வழியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு மாமல்லபுரம் கடற்கரை ஹோட்டல்களில் இறக்குவேன். பிறகு செங்கல்பட்டு ஸ்டேஷனுக்குப் போய், ரயிலில் வந்து இறங்கும் வேலையாட்களுக்காக இன்னொரு நடை. அவளும் என் வேனில்தான் வேலைக்குப் போனாள். எனக்குப் பின்னால், ஜன்னலோரம் அவள் இடம். கல்யாணத்துக்கு முன்னால் அவளைக் கண்ணாடியில் பார்த்தேன், கல்யாணத்துக்குப் பிறகும் கண்ணாடியில்தான் அதிகம் பார்த்தேன். வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ள இரண்டு பேருக்கும் நேரம் வாய்க்கவில்லை.

ஹோட்டலில் அவளுக்கு பேக்கரி வேலை. தங்க வருகிறவர்களில் பால் ஆகாதவர்கள், முட்டை ஆகாதவர்கள், சர்க்கரையைத் தொடாதவர்கள் எல்லாம் உண்டு. அவர்களுக்குத் தனியாக மஃபின் செய்யக் கற்றுக்கொண்டாள். மஃபின் என்றால் பெரிய விஷயம் ஒன்றுமில்லை, கிண்ணத்தில் வேகவைத்த குட்டி கேக்தான். ஒருநாள் வேனில் ஏறியதும் என் தோளைத் தட்டி, "நம்ம பொண்ணு துன்றா மாதிரி ஒரு கேக்கு கீதுய்யா" என்றாள். அன்று வழியெல்லாம் அதே பேச்சு. பிறந்தநாள் வீடுகளில் எல்லாப் பிள்ளைகளும் கேக் தின்னும்போது வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பெற்றவளுக்கு அது எவ்வளவு பெரிய சேதி என்று எனக்கும் தெரியும்.

பழைய ஓவன் ஒன்றை வாங்கிப்போட்டாள். வாரத்தில் ஒருநாள் அவளுக்கு ஆஃப். அன்றைக்குத்தான் மஃபின். தோல் கறுத்துக் கனிந்த வாழைப்பழம், சப்போட்டா, ஊறவைத்து அரைத்த பேரீச்சம்பழம், கோதுமை மாவு, தேங்காய்ப்பால், சோடா உப்பு, அது பொங்குவதற்கு எலுமிச்சைச் சாறு. சர்க்கரையும் கிடையாது, வெல்லமும் கிடையாது. "பழமே தித்திப்புதான். அதுக்கு மேல இன்னாத்துக்கு?" என்பாள். நான் வேனை விட்டுவிட்டு வரும்போது தெருமுனையிலேயே வாசனை பிடித்துக்கொள்ளும். பழமும் மாவும் வெந்த வாசனை, அதற்கு அடியில் இன்னதென்று சொல்லத் தெரியாத வேறு ஒன்று. வீட்டுக்குள் போனால் மஃபின்கள் தட்டில் ஆறிக்கொண்டிருக்கும். என் மகளைப் பொறுத்தவரை அந்த வாசனை வந்தால் அம்மா இன்றைக்கு வீட்டில் இருக்கிறாள் என்று பொருள்.

மற்ற நாட்களில் கதை வேறு. பாலும் வெண்ணெயும் முட்டையும் பட்ட கையோடு பிள்ளையைத் தொடக்கூடாது என்று, வேலையிலிருந்து வந்ததும் பின்பக்கமாக நேரே குளியலறைக்குள் போய்விடுவாள். மகள் அந்தக் கதவுக்கு வெளியே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காருவாள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கதவைத் தட்டி, "ம்மா, ஆச்சா?" என்பாள். உள்ளேயிருந்து, "ஆச்சு, ஆச்சு" என்று தண்ணீர்ச் சத்தத்தோடு பதில் வரும். அந்தக் கதவு திறக்கிற நிமிஷம்தான் எங்கள் வீட்டில் சாயங்காலம் தொடங்கும்.

மகள் யு.கே.ஜி. படிக்கும்போது என் மனைவிக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். திரும்பி வரவில்லை. அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை, இன்றுவரை எனக்கே அது விளங்கவும் இல்லை.

அவள் போன பிறகு அந்த ஜன்னலோர இடத்தில் வெகுநாள் யாரும் உட்காரவில்லை. நான் யாரையும் தடுக்கவில்லை, அவர்களாகவே நின்றுகொண்டு வந்தார்கள். அவள் இறங்குகிற கேட் வந்தால், அங்கே இறங்க ஆள் இல்லாத நாளிலும் என் கால் பிரேக்கை மிதித்துவிடும். கண்ணாடியைப் பார்ப்பேன். யாரும் இருக்கமாட்டார்கள் என்று தெரிந்தேதான் பார்ப்பேன். பேய் பிசாசு என்றால் சிரிக்கிற ஆள் நான். ஆனால் வீட்டில் சமையல் மேடை முன்னால் நிற்கும்போது, என்னை அறியாமல் கொஞ்சம் ஒதுங்கி இன்னோர் ஆளுக்கு இடம் விட்டு நிற்பது பழக்கமாகிவிட்டது.

எங்கள் பக்கத்தில் கணவன் இருக்கும்போதே இறந்துபோன பெண்ணைப் பூவாடைக்காரி என்போம். வருஷத்துக்கு ஒருநாள் புதுப் புடவை, பூ, வளையல், மஞ்சள் குங்குமம் வைத்து, அவளுக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் போட்டுப் படைப்போம். பிறகு அறைக்கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்போம். உள்ளே அவள் வந்து சாப்பிடுகிறாள் என்று கணக்கு. அப்புறம் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். அந்த இலையில் முதல் வாய் சாப்பிட வேண்டியது அவள் பெற்ற பிள்ளை.

என் மனைவிக்குப் பிடித்தது கடலை. வேகவைத்த கடலை, வறுத்த கடலை, கடலை உருண்டை. செய்யூரிலிருந்து அவளுடைய அக்கா பை நிறையக் கொண்டுவந்து இலையை நிரப்புவாள். அதனால் முதல் இரண்டு வருஷமும் படையல் அன்றைக்கு என் மகளைப் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் விட்டுவைத்தோம். இலைச்சோற்றை வேறு யாரோ சாப்பிட்டார்கள். பெற்ற தாய் வீட்டுக்கு வருகிற ஒரே நாளில் பிள்ளை வீட்டில் இல்லை.

இந்த வருஷம் மகள் மூன்றாவது படிக்கிறாள். விவரம் வந்துவிட்டது. "எல்லாரும் அம்மாவப் பாக்கறீங்க. என்ன மட்டும் இன்னாத்துக்குத் தொரத்துறீங்க?" என்று கேட்டாள். எது நடந்தாலும் இந்தத் தடவை இவள் தன் அம்மா இலையில் சாப்பிடவேண்டும் என்று முடிவு செய்தேன்.

அக்காவுக்குப் போன் போட்டேன். கடலை வேண்டாம் என்றதும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஆசையா வரவ, இலையில கடல இல்லன்னா இன்னா தம்பி நெனப்பா?"

"அவ பொண்ணு யாரு வூட்லயோ ஒக்காந்துகினு கீதே, அத்தப் பாத்து இன்னா நெனப்பா? அத்த யோசிச்சியாக்கா?" என்று நானும் கத்திவிட்டேன்.

பிறகு, "சரி, நீ இன்னா வைப்ப?" என்றாள்.

"மஃபின் வைப்பேன்" என்றேன். அதை எப்படிச் செய்வது என்று அதுவரை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

எதெது போடுவாள் என்பது தெரியும், வேனில் அவ்வளவு பேசியிருக்கிறாள். எவ்வளவு போடுவாள் என்பதுதான் தெரியாது. முதல் தடவை செய்ததை மகள் தரையில் தட்டிப் பார்த்து, "இத்த வெச்சி செவுரு கட்லாம்ப்பா" என்றாள். மாவைப் போட்டு ரொம்ப அடித்துவிட்டேன் போலிருக்கிறது. அடுத்தடுத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாக வந்தது. சப்போட்டாவைக் குறைத்தேன், சோடா உப்பைக் கடைசியில் போட்டேன். மிருதுவாக, நல்ல தித்திப்பாக வந்த நாளில் எனக்கே தலைகால் புரியவில்லை. மகள் ஒரு வாய் தின்றுவிட்டு வைத்துவிட்டாள்.

"நல்லாத்தான் கீது. ஆனா அம்மாது இல்ல."

"இன்னா கொறச்சல்?"

"கோடு இல்ல. அம்மாதுல சுத்தி கோடு இருக்கும். வெரல் வெச்சா தெரியும்."

செங்கல்பட்டில் பேக்கரிச் சாமான் விற்கும் கடையில் மடிப்பு வைத்த காகிதக் கிண்ணம் வாங்கிவந்து அதில் வார்த்தேன். மகள் விரலால் தடவிப் பார்த்து, "இது பெரிய கோடு. அது சின்னச் சின்னதா, பக்கத்துல பக்கத்துல இருக்கும்" என்றாள். முள்கரண்டியால் கீறிப் பார்த்தேன். சிரித்துவிட்டாள். வாசனையும் பாதிதான் வந்தது, அந்த அடிவாசனை வரவில்லை. ஒரு கட்டத்தில், "வுடுப்பா, உனக்கு வராது" என்று பெரிய மனுஷி மாதிரி என் முதுகில் தட்டிக்கொடுத்தாள். எனக்கு ஆத்திரம். யார்மேல் என்று தெரியவில்லை. ஒருவேளை, சொல்லாமல் போனவள்மேல்.

படையல் அன்று காலையிலேயே அக்கா வந்துவிட்டாள். கடலை பறித்த கை என்று யாரும் சொல்லாமலே நேரே குளித்துவிட்டு வந்துதான் மகளைத் தூக்கினாள். வெண்டைக்காய் சாம்பார், உளுந்து வடை, தேங்காய்ப்பாலில் பாயசம் என்று அவள் பாட்டுக்கு ஆரம்பித்தாள். நான் மாவைக் கரைத்துவிட்டுக் காகிதக் கிண்ணத்தை எடுத்தேன். "இலையில காயிதத்தோட வெக்காத தம்பி, நல்லா இல்ல" என்றாள். சரி, வெறும் கிண்ணத்தில் எண்ணெய் தடவி ஊற்றலாம் என்று விட்டுவிட்டு, படையலுக்கு வாங்கிய வாழை இலையைத் துடைக்க உட்கார்ந்தேன்.

ஈரத்துணியால் இழுத்துத் துடைத்தபோது கையில் தட்டுப்பட்டது. சின்னச் சின்னக் கோடு, பக்கத்தில் பக்கத்தில்.

பிறகு எழுந்து, இலையின் ஓரத்தைக் கிழித்து, சோறு கட்ட வாட்டுகிற மாதிரி நெருப்பில் வாட்டி, வட்டமாக வெட்டி எவர்சில்வர் கிண்ணங்களில் பதித்தேன். மாவை வார்த்து ஓவனில் வைத்தேன். அவள் அந்த நாட்களில் இதே இடத்தில் தனியாக நின்று இதைத்தான் செய்திருக்கிறாள். வெந்ததும் இலையை உரித்துப் போட்டுவிட்டு, மஃபினை மட்டும் தட்டில் வைத்திருக்கிறாள். நான் ரோட்டில் இருந்தேன். என் மகள் குழந்தை. அவள் கையை யாரும் பார்க்கவில்லை.

ஓவனுக்குள் இலை காயத் தொடங்கியதும் அந்த அடிவாசனை வந்தது. சட்டென்று திரும்பிப் பார்த்தேன். அக்காதான் கையில் கரண்டியோடு நின்றிருந்தாள். அவளுக்கும் அந்த வாசனை தெரிந்திருந்தது. அவளும் அந்த நாட்களில் வந்துபோனவள்தானே.

மகள் தலை துவட்டிக்கொண்டு வந்தவள் அடுக்களை வாசலில் நின்றுவிட்டாள். என்னைப் பார்க்கவில்லை. படுக்கை அறைக்குள் போய்ப் பார்த்தாள். கதவுக்குப் பின்னால் பார்த்தாள். பின்பக்கம் போய்க் கொடியில் காயும் துணிகளுக்கு நடுவில் பார்த்தாள். திரும்பி வந்து சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். நான் அவளை அள்ளிக்கொள்ளப் போனேன், அக்கா என் கையைப் பிடித்து வேண்டாம் என்றாள்.

அறையில் புடவையும் பூவும் வைத்து, இலை போட்டு, எல்லாவற்றையும் பரிமாறினோம். இலையை உரித்துவிட்டு மஃபின்களை நடுவில் வைத்தேன். சுற்றிலும் கோடு விழுந்திருந்தது. விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்தினோம். மகள் கதவுக்கு வெளியே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். யாரும் சொல்லித் தரவில்லை.

நேரம் ஆனது. கதவைத் தட்டு என்று அக்கா எனக்குக் கண்ணைக் காட்டினாள். நான் கையைத் தூக்குவதற்குள் மகள் எழுந்து கதவைத் தட்டினாள்.

"ம்மா, ஆச்சா?"

அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். நான் பதிலுக்குக் காத்திருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உண்மையிலேயே காத்திருந்தேன். வெளியே கடல்காற்று மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. மகள் காதைக் கதவில் வைத்து, முன்பெல்லாம் பொறுத்திருந்த அளவுக்குப் பொறுத்திருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஆச்சாம்ப்பா" என்று சொல்லிவிட்டு, கதவைத் திறந்துகொண்டு சாப்பிட உள்ளே போனாள்.