எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்ட நர்ஸ்

டாக்டரிடம் மறைத்ததை நர்ஸிடம் ஏன் சொன்னேன்? என் மகள் கோதை பிழைத்து எழுந்து பல மாதங்களாகியும் எனக்கு விடை தெரியவில்லை.

கோதைக்கு ஐந்து வயது. ஆனி மாதத்தில் ஒரு மத்தியானம், வாசலில் கட்டம் போட்டுப் பாண்டி ஆடிக்கொண்டிருந்தவள் பாதியில் வந்து என் மடியில் படுத்தாள். நெற்றி சுட்டது. நான்கு நாள் கஷாயம் கொடுத்தோம், ஜுரம் இறங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டைபாய்டு (குடலைப் புண்ணாக்கும் விடாக்காய்ச்சல்) என்றார்கள். பார்லித் தண்ணீரும் மோர்த் தெளிவும் மட்டும்தான் கொடுக்கலாம். வேறு எது போனாலும் புண்பட்ட குடல் ஓட்டையாகிவிடலாம் என்று லேடி டாக்டர் இரண்டு முறை சொன்னார். படித்தவளல்லவா, காகிதத்தில் எழுதிவைத்துக்கொண்டேன்.

பதினெட்டாம் நாள் ஜுரம் தணிந்தது. அன்று காலை என் மாமியார் மந்தாரை இலையில் கோயில் இட்லி கொண்டுவந்தார்.

"பெருமாள் பிரசாதம்டி. வேண்டாம்னு சொல்லப்படாது. துளி வாயில வை."

எங்கள் வீட்டில் பிரசாதத்தை மறுத்த வழக்கமில்லை. மிளகும் இஞ்சியும் மணக்க, கோதை வாயைத் திறந்தாள். இன்னும் கேட்டாள். கொடுத்தேன்.

மாலையில் ஜுரம் ஏறியது. "வேறு ஏதாவது கொடுத்தீர்களா?" என்றார் டாக்டர்.

"இல்லை" என்றேன். பிரசாதத்தை யாராவது ஆகாரத்தில் சேர்ப்பார்களா என்று மனத்துக்குள் வாதாடிக்கொண்டேன்.

டாக்டர் போனதும், தென்னேரி கிராமத்துக்காரரான நர்ஸ் அன்னம்மாள் கோதையின் வாயைத் துடைத்தார். துணியில் ஒரு மிளகுத் துணுக்கு. அவர் என் பக்கம் திரும்பவேயில்லை.

"எனக்கு மட்டும் ஒரு துண்டு வைக்கலியேம்மா. எவ்ளோ குடுத்தீங்க? இத்தினியா, இத்தினியா?" சுண்டுவிரல் நுனியையும் கட்டைவிரலையும் காட்டினார்.

நான் சுண்டுவிரலைக் காட்டினேன். அவர் துணியை மடித்துக்கொண்டே இருந்தார். பிறகு கட்டைவிரலைக் காட்டினேன். பிறகு இரண்டு கட்டைவிரல்களையும்.

"இப்பதான் சரியா இருக்குது. டாக்டரம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் பக்கத்துல நின்னுக்கினு இருக்கேன்."

சொன்னேன். டாக்டர் ஓடிவந்து கோதையின் வயிற்றை மெல்ல அழுத்திப் பார்த்தார். வலியில்லை.

"இரண்டு நாள் மணிக்கொரு தரம் தொட்டுப் பாருங்கள். வயிறு இறுகினால் உடனே கூப்பிடுங்கள். இனி பிரசாதம் வந்தால் எனக்கு அனுப்புங்கள். என் குடலில் புண் இல்லை."

மறுநாள் முதல் மாமியார் டாக்டருக்கு ஒன்றும் அன்னம்மாளுக்கு ஒன்றுமாகப் பொட்டலம் கொண்டுவந்தார்.

வயிறு இறுகவில்லை. ஐந்தாம் நாள் ஜுரம் முழுவதும் விட்டது. கோதை எழுந்து உட்கார்ந்து, வார்டில் யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்று ஒவ்வொருவராக விசாரித்தாள். நான் சிரித்தேன். சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் உறைத்தது.

வீட்டுக்குப் புறப்படும்போது, நீங்கள் தினமும் காலையில் மூன்று மணி நேரம் வந்து வார்டு வேலை பழகலாமே என்றார் டாக்டர்.

"பொய் சொன்னவளையா கூப்பிடுகிறார்?" என்று அன்னம்மாளிடம் கேட்டேன்.

"அதுக்குத்தாம்மா. மறைக்கிறவங்க மொகம் எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமில்ல?"

இப்போது போய்வருகிறேன். மலப்பாத்திரம் கழுவக் கூச்சமில்லை. வீடு திரும்பினால் ஸ்நானம் செய்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மாமியார் தண்ணீர் எடுத்துவைத்துவிட்டு, இன்று யாருக்கு ஜுரம் விட்டது என்று கேட்கிறார். எந்தக் குழந்தையைக் கண்டாலும் என் கை தானாக நெற்றிக்குப் போகிறது. ஜுரம் பார்க்கும் நேரங்களாகத்தான் பொழுது எனக்கு நகர்கிறது.

ஒன்றுதான் கவலை. பிறர் குழந்தை அழுதால் எனக்கும் கண்ணீர் வருகிறது. ஜுரம் குறிக்கும் சார்ட்டில் எழுத்து கலைகிறது. இந்த வேலையில் இருக்கும் சகோதரிகளே, இந்த அழுகை நாளடைவில் நிற்குமா? நிற்பதுதான் நல்லதா? தெரிந்தவர்கள் இந்தப் பத்திரிகைக்கு எழுதுங்கள்.