ஈர்க்கில் அளந்த கால்

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் செருப்பு வாங்க, போடுகிற ஆளே போக வேண்டியதில்லை. விளக்குமாற்றிலிருந்து ஈர்க்கு ஒன்றை உருவி, குதிகாலிலிருந்து பெருவிரல் நுனிவரை அளந்து ஒடித்துக் கொடுத்தால் போதும். டவுனுக்குப் போகிறவர் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போய் வாங்கி வந்துவிடுவார். நான் அந்தப் பழக்கத்தின் பின்னால் போய் ஒளிந்துகொண்டதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

அறுபதுகளின் கடைசி. கடலூர் முதுநகரில் கடல் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் ஸ்டோர் கிளார்க்காக இருந்தேன். வீடு சிதம்பரத்தில். ஒருநாள் முதுகில் கட்டும் காற்று சிலிண்டரும், முகக் கண்ணாடியும், காலில் மாட்டும் நீளமான ரப்பர் துடுப்பும் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. துடுப்புக்கு நாங்கள் வைத்த பேர் தவளைக்கால். அதன் பின்பக்கம் திறந்தே இருக்கும். ஒரு வார்தான் குதிகாலைப் பிடித்துக்கொள்ளும். வெறுங்காலில் மாட்டினால் வார் தோலை உரித்துவிடும். உள்ளே கேன்வாஸ் ஷூ வேண்டும்.

இதையெல்லாம் மாட்டிக்கொண்டு கடலில் முங்குவதற்கு எடுத்திருந்தவர் பரங்கிப்பேட்டைக்காரர். என் வயதுதான், மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். தற்காலிக வேலை. முதல் முங்கலில் அதிகாரிக்குத் திருப்தியானால் நிரந்தரம். "வேல கெடச்சுட்டா நான் கப்பலேறி சபருக்குப் போக வேணாம் மச்சான். எங்கண்ணன் சிங்கப்பூர் போயி, மவ மொகத்த போட்டோவுலதான் பாக்குறாரு" என்பார். அவருக்கும் மூன்று வயதில் ஒரு மகள்.

அதிகாரி என்னிடம் தெளிவாகச் சொன்னார்: "ஆளையும் கூட்டிக்கிட்டுப் போ, தவளைக்காலையும் எடுத்துக்கிட்டுப் போ. ஷூவைப் போட்டு, அதுமேல இத மாட்டிப் பாத்து வாங்கு."

சிதம்பரம் கீழவீதியில் எனக்குத் தெரிந்த கடை. நான் போனால் கடைக்காரர் எழுந்து நின்று "வாங்க சார்" என்பார். அங்கே நாற்காலியில் இவரை உட்கார வைப்பதா? பிறந்ததிலிருந்து வெறுங்கால். பாதம் முறம்போல விரிந்திருக்கும். படகுக்குத் தார் பூசியது வெடிப்பெல்லாம் ஏறிக் கறுத்திருக்கும். யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்? எனக்குக் கூச்சமாக இருந்தது. கூச்சம் என்று இப்போது மரியாதையாகச் சொல்கிறேன்.

"எதுக்கு மச்சான் நீ வீணா அலையணும்?" என்று ஈர்க்கை எடுத்தேன்.

அவர் காலை நீட்டிக்கொண்டே சிரித்தார். "கடலுக்குள்ள போறதுக்கு ஜோடா? மீனெல்லாம் எழுந்து சலாம் வெக்கப் போவுது."

ஈர்க்கு நீளத்தைச் சொல்லும். அகலத்தைச் சொல்லாது. வாங்கி வந்த ஷூவில் அவர் கால் அடங்கவில்லை. "கெட்டியாதான் இருக்கணும், தண்ணியில எளகிடும்" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நம்பினார். அதுமேல் தவளைக்காலை மாட்ட, இரண்டு பேர் பிடித்து அழுத்த வேண்டியிருந்தது.

படகிலிருந்து குதித்தவர் ஐந்து நிமிடத்தில் மேலே வந்து பலகையைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். இரண்டு காலும் குறண்டி இழுத்துக்கொண்டிருந்தன. ஷூவை அறுத்துத்தான் எடுத்தோம். விரல்கள் வெளுத்துக் கிடந்தன.

அதிகாரி என்னைப் பார்த்தார். "கடைக்குக் கூட்டிக்கிட்டுப் போயி போட்டுப் பாத்துத்தானே வாங்குன?"

"ஆமா சார்."

மச்சான் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். "கால் ஒத்து வரல, இவர் சரிப்படமாட்டார்" என்று அதிகாரி முடித்துவிட்டார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம்.

இரண்டு மாதத்தில் அவர் கப்பலேறினார். போகும்முன் ஸ்டோருக்கு வந்து, "வரேன் மச்சான், ஒடம்பப் பாத்துக்க" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அடுத்து வந்தவர் தேவனாம்பட்டினத்துக்காரர். அதே விரிந்த பாதம், அதே தார். இந்தத் தடவை கையில் தவளைக்காலோடு ஆளையும் கூட்டிக்கொண்டு அதே கடைக்குள் நுழைந்தேன். கடைக்காரர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்தக் காலைத் தூக்கித் தன் மடிமேல் வைத்து, தோளில் கிடந்த துண்டாலேயே மண்ணைத் தட்டினார்.

"அகலக் கால் சார். ரெண்டு நம்பர் ஜாஸ்தி போட்டு, முன்னால பஞ்சு வெச்சா ஆச்சு" என்றவர், என்னை நிமிர்ந்து பார்த்தார். "போன தடவையும் ஆளையே கூட்டியாந்திருக்கலாமே சார்?"

"அவருக்கு வர நேரமில்ல" என்றேன்.