பூஜ்யம் காட்டும் திருமலை

ஷிஃப்ட் பஸ்ஸை விட்டு இறங்கியதும் திருமலை நேராக ஊதும் வரிசைக்குத்தான் போவார். ஓரகடத்தில் அந்த உதிரிபாகத் தொழிற்சாலையில் வண்டி ஓட்டுகிறவர்களை, குடித்திருக்கிறார்களா என்று கருவியில் ஊதச் சொல்லிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் திருமலை ஊதினால் என்றைக்கும் பூஜ்யம்தான். ஆயுத பூஜைக்கு மறுநாளும் பூஜ்யம்.

வடக்குப்பட்டுக்காரர். பஸ்ஸில் ஜன்னல் சீட்டை ஓடிப்போய்ப் பிடிப்பார். நிற்கிறவர் யாராவது தூங்கி விழுந்தால் எழுந்து கொடுத்துவிடுவார். "நமக்கின்னா, நாள் பூரா குந்திகினுதானே ஓட்றோம்" என்பார்.

போன வருஷம் வலது விலாவுக்குக் கீழே வயிறு கல்லாகக் கனத்தது. கன்னம் ஒட்டியது, கால் வீங்கியது. ஸ்கேனில் கல்லீரல் வீக்கம் என்று வந்த சேதி லைன் முழுக்கப் பரவியது. பூஜ்யம் வர என்ன தந்திரம் செய்கிறாரோ என்று கேன்டீனில் பேச்சு. மனைவி மரகதமே சட்டையை மோந்து பார்த்தாள். அப்புறம் படப்பையில் குடியை மறக்கடிக்கும் பொடி வாங்கி, சத்தமில்லாமல் ரசத்தில் கலந்தாள். மனிதர் ஒரு வாரம் வாந்தியெடுத்தார்.

சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றுக் கொழுப்பில் துளி எடுத்துப் பார்த்த பிறகே வியாதிக்குப் பெயர் கிடைத்தது: அமிலாய்டோசிஸ். கோளாறான ஒரு புரதம் கரையாமல் கல்லீரலில் போய்ப் படிகிறது. குடிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்றார் டாக்டர். கேட்கிறவர்களிடம் திருமலை தன் பாஷையில் சொல்வார்: "பெயிண்ட் ஷாப்ல ஃபில்டர் அடைச்சிக்கும் பாரு, அதான். இத்த கழட்டி ஒதற முடியாது, அவ்ளோதான்."

அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் மரகதம் அழுதுகொண்டே பொடி விஷயத்தைச் சொன்னாள். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"பரவால்ல வுடு. இனிமே எவனாவது ஊத்திக் குட்த்தாலும் உள்ள எறங்காது."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம்.

இப்போது வாரம் ஒரு ஊசி, மேலும் படியாமல் தடுப்பதற்கு. ஊசி போட்ட மறுநாளே வேலைக்கு வந்துவிடுகிறார். ஆனால் வண்டியை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டு ஸ்டோரில் உட்கார வைத்துவிட்டார்கள். டாக்டர் சொன்னதை லைனில் பாதிப் பேர் இன்னும் நம்பவில்லை. அதுதான் அவருக்கு வியாதியைவிட வலி.

"ஸ்டோர் ஆளுங்க ஊத வேணாம்ணா, நீ அப்டியே போ" என்கிறார் செக்யூரிட்டி நரசிம்மன்.

திருமலை நகர்வதில்லை. ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மூச்சைத் திரட்டி ஊதுகிறார். எண் வந்ததும் நரசிம்மனின் மணிக்கட்டைப் பற்றி, கருவியைப் பின்னால் நிற்கும் வரிசையின் பக்கம் திருப்பிப் பிடிக்கிறார்.