கம்ப்யூட்டர் மேல் போட்ட பழி

சின்ன நூலகத்துக்கு மலிவாக எந்த சாஃப்ட்வேர் நல்லது என்று அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டால் என்னிடம்தான் அனுப்புவார்கள். நானும் பெரிய மனுஷன் மாதிரி விளக்குவேன். அதை வைத்துக்கொண்டு நான் செய்ததை மட்டும் இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

காலடிப்பேட்டையில் எங்கள் குடியிருப்போர் சங்கம் நடத்தும் நூலகம் ஒரே ஒரு அறை. கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள் என்று சொல்லிக்கொள்வேன். உண்மையில் நானேதான் தலையை நீட்டினேன். பழைய பேரேடுகள் கந்தலாகிவிட்டதால் கம்ப்யூட்டருக்கு மாறலாம் என்று முடிவானது. ஒருவர் வந்து வருடச் சந்தா கட்டும் சாஃப்ட்வேர் ஒன்றைக் காட்டினார். அரிசி மண்டி வைத்திருக்கும் எங்கள் பொருளாளர் தெற்கத்திக்காரர். "வருசா வருசம் இவருக்கு அழணுமாக்கும்?" என்று எழுந்தே போய்விட்டார். கடைசியில் இலவசமாகக் கிடைக்கும் ஒன்றைப் பிடித்தோம். பக்கத்துக் கல்லூரியில் நூலகராக இருக்கும் ஒரு பெண்மணி ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அதைப் போட்டுக்கொடுத்தார். டீயைத் தவிர எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை.

புத்தக விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போதுதான் நாற்பதுக்கு மேல் காணவில்லை என்று தெரிந்தது. கடலில் வீட்டை இழந்தவர்களுக்குக் கட்டிக்கொடுத்த எர்ணாவூர் குடியிருப்பிலிருந்து வருகிறவர்கள்தான் சுருட்டியிருப்பார்கள் என்று கமிட்டியில் ஒருவர் சொன்னார். நானும் தலையாட்டினேன். அந்த நாற்பதில் ஏழு என் வீட்டு பீரோவில் இருந்தன. அவை காணாமல் போனவை என்றே எனக்குத் தோன்றவில்லை. நான் எடுத்து வைத்திருக்கிறேன், அவ்வளவுதானே!

இந்த சாஃப்ட்வேரின் உறுப்பினர் பதிவில் எந்தெந்த விவரம் கட்டாயம் என்பதை நாமே டிக் போட்டு வைத்துக்கொள்ளலாம். முகவரிச் சான்று என்ற இடத்தில் நான் டிக் போட்டேன். யாரை மனதில் வைத்துப் போட்டேன் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

மாட்டிக்கொண்டது ஒரு அம்மாள். எர்ணாவூரிலிருந்து வருவார். இறால் உரிக்கும் கொட்டகையில் வேலை. மூன்று வருடமாகப் புத்தகம் எடுத்தவர், ஒரு நாள்கூடத் தாமதித்ததில்லை. அன்று ஒரு குடும்ப நாவலின் இரண்டாம் பாகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மூன்றாம் பாகத்தைக் கேட்டார்.

"எல்லாரும் புதுசா பதியணும்மா. அட்ரஸ் புரூஃப் வேணும்."

ஆதாரை எடுத்து நீட்டினார். அதில் இருந்தது கடல் அரித்துக்கொண்டுபோன பழைய வீட்டின் முகவரி. இப்போது இருக்கும் வீடு, செத்துப்போன மாமியார் பெயரில்.

"அங்க வூடே இல்ல சார். இப்ப எர்ணாவூர்லதான் கீறோம். உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும்மா. கம்ப்யூட்டர் ஒத்துக்க மாட்டேங்குதே, நான் என்ன பண்றது?"

திரையை எட்டிப் பார்த்தார். சிவப்பு எழுத்து மின்னியது. நம்பிவிட்டார்.

அடுத்த வாரம் ரேஷன் கார்டு ஜெராக்ஸோடு வந்தார். அதிலும் பழைய முகவரிதான். அதற்கடுத்து மாமியார் பெயரில் வந்த கரண்ட் பில். ஒவ்வொரு தடவையும் அரை நாள் வேலையை விட்டுவிட்டுத்தான் வந்தார். நான் ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டரைக் கைகாட்டினேன். மனுஷன் முடியாது என்றால் சண்டைக்கு வருவார்கள். கம்ப்யூட்டர் சொன்னால் வாயை மூடிக்கொண்டு போய்விடுகிறார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அது எனக்குப் பிடித்திருந்தது.

நான்காவது முறை வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கையில் காகிதம் எதுவும் இல்லை.

"அந்த ஒரு புக்க மட்டும் குடு சார். கதை பாதியில நிக்குது. படிச்சிட்டு குடுத்துர்றேன், அப்பால நான் வரவே மாட்டேன்."

"சிஸ்டம் எடுத்துக்காதும்மா."

பக்கத்தில் உட்கார்ந்து புத்தகங்களை ஏற்றிக்கொண்டிருந்த கல்லூரி நூலகர் நிமிர்ந்தார். "ஏன் எடுத்துக்காது? இது நீங்க போட்ட டிக்தானே சார், எடுத்துட்டா ஆச்சு" என்று மவுஸை இழுத்து ஒரு தட்டுத் தட்டினார். சிவப்பு எழுத்து போய்விட்டது.

அந்த அம்மாள் திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்ப இது கேக்கல. நீதான் கேட்டுகினு இருந்த. இன்னாத்துக்கு? தூக்கினு பூடுவேன்னா?"

சத்தம்கூடப் போடவில்லை. நாலு பேர் முன்னால் கிழி கிழியென்று கிழித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். "பதினஞ்சு நாள்ல குடுத்துடணும்மா" என்றுதான் வந்தது. இதை எழுதும்போதும் கூசுகிறது.

மறுநாள் யாரும் வருவதற்கு முன்னால் என் வீட்டு ஏழு புத்தகங்களையும் பையில் கொண்டுவந்து அலமாரியில் செருகினேன். கமிட்டியிடம் சொல்லவில்லை. அவர்கள் இன்னமும் எர்ணாவூர்க்காரர்களைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த அம்மாள் மூன்றாம் பாகத்தைப் படித்து முடித்து நாள் தவறாமல் கொண்டுவந்தார். இப்போதும் வருகிறார். ஆனால் திருப்பிக் கொடுக்கும்போது புத்தகத்தை மேஜையில் என் பக்கமாகத் திறந்து வைக்கிறார்.

"பாத்துக்க சார், எல்லா பக்கமும் கீது. பின்னால சொல்லக்கூடாது."

வேண்டாம்மா என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். நான் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி முடிக்கும்வரை அவர் அங்கேயே நிற்கிறார்.