அவள் வாயில் அவர் பேர்

எழுதி எனக்குப் பழக்கமில்லை. அஞ்சாவதோடு நின்னவள். எழுத்து கோணலாக வரும், பாதி விஷயம் மறந்தும் போச்சு. கொஞ்சம் பொறுத்துக்கொண்டு படிக்கணும்.

எனக்கும் என் ஓரகத்திக்கும், அதாவது என் கொழுந்தன் பொண்டாட்டிக்கும், திருத்தங்கலில் அடுத்தடுத்த வீடு. முன்னெல்லாம் ரெண்டு பேரும் ஒண்ணுபோல பயந்தவர்கள். வீட்டுக்கு ஆள் வந்தால் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் சேர்ந்து நிற்போம். அவள் என்னைவிட மோசம். பஸ்ஸில் கண்டக்டரிடம் ஊரைச் சொல்லச் சொல்லி என் கையைக் கிள்ளுவாள்.

தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நடந்த விபத்தில் கொழுந்தன் போனார். அவள் சுருண்டு கிடந்தாள். பிறகு எழுந்து, வேறொரு கம்பெனிக்கு வேன் ஏறினாள். போர்மேனை எதிர்த்துப் பேசினாள். ஸ்கூட்டி பழகினாள். தெருவில் யாருக்கு என்ன என்றாலும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். நான் வாசலில் வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றிக்கொண்டே அவள் வண்டி போவதைப் பார்ப்பேன். வயிறு எரியும். புருஷனைப் பறிகொடுத்தவளைப் பார்த்து, புருஷன் இருக்கிறவள் பொறாமைப்பட்டேன் என்றால் நம்புவீர்களா? எனக்கும் சேர்த்து எல்லாம் என் வீட்டுக்காரர்தான் பேசுவார். எனக்குச் சேலை எடுத்தாலும் நிறம் சொல்வது அவர். நான் தலையை ஆட்டுவேன்.

போன தீபாவளி சீசன் முடிந்த கையோடு அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு நின்று போச்சு. ஆட்டோ பிடித்து விருதுநகர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் ஓரகத்திதான். சீட்டு எழுதுகிற இடத்தில், "பேஷண்ட் பேரு?" என்றார்கள். எங்களில் பொம்பளைகள் புருஷன் பேரைச் சொல்வதில்லை.

"எங்க வீட்டுக்காரரு" என்றேன்.

"வீட்டுக்காரருக்குப் பேரு வைக்கலையாம்மா?"

பின்னால் நின்ற கூட்டம் சிரித்தது. ஓரகத்தி என் தோளுக்கு மேலே தலையை நீட்டி, பேரைப் பட்டென்று சொன்னாள். புருஷனுக்கு அண்ணன் பேரையும் சொல்லக் கூடாதுதான். அவளுக்கு அந்தக் கூச்சமெல்லாம் எப்பவோ போச்சு. இத்தனை வருஷமாக நான் வாயில் எடுக்காத பேர், அவள் வாயில் அம்புட்டு லேசாக வந்தது.

வார்டில் நர்சம்மா, "பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருங்க, திரும்பிப் பாக்காரான்னு பாப்போம்" என்றார். அங்கேயும் அவள்தான் கூப்பிட்டாள். அவர் கண் மெல்ல அவள் பக்கம் போச்சு.

"பாருங்கக்கா, அத்தான் பாக்காக!"

"பாத்தேன், பாத்தேன்."

"என்னக்கா முறைக்கீக? நீங்க கூப்பிடுங்க, நானா வேண்டாங்கேன்? பேரைச் சொன்னா வாயி வெந்தா போகும்?"

"நீ போயி டீ வாங்கிட்டு வா."

"எனக்கு டீ வேண்டாம்."

"எனக்கு வேணும். போளா."

அவள் போனதும், பக்கத்துக் கட்டில்காரி பார்க்கிறாளா என்று பார்த்தேன். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அவர் காதோரம் குனிந்தேன். முதலில் காற்றுதான் வந்தது. அப்புறம் பாதிப் பேர். அவர் கண் வாசல் பக்கமே இருந்தது, அவள் போன பக்கம். எனக்கு ஆத்திரம் வந்து, முந்தானையை உதறிவிட்டு முழுப் பேரையும் சத்தமாகச் சொன்னேன். அவர் கண் என்னிடம் வந்தது. வந்து அங்கேயே நின்றது. கோணிய வாயோடு சிரித்த மாதிரி இருந்தது. திடுக்கிட்டாரோ என்னவோ.

ஓரகத்தி கொண்டுவந்த டீ ஆறிப்போயிருந்தது. உள்ளே வராமல் வார்டு வாசலிலேயே நின்றிருக்கிறாள்.

இப்போது சீட்டு எழுதுகிற இடத்தில் நான்தான் நிற்கிறேன். டாக்டர் அவளைப் பார்த்து விவரம் சொன்னால், "எங்கிட்டச் சொல்லுங்கய்யா" என்கிறேன். கண்டக்டரிடம் ஊரையும் நானே சொல்கிறேன். கூச்சம் போகவில்லை, கூச்சத்தோடேயே பேசுகிறேன். பொறாமையும் போகவில்லை. அதுதான் அன்றைக்கு என் வாயைத் திறந்தது.

நடந்த வரிசையில் நான் எதையாவது மாற்றிச் சொல்லியிருக்கலாம். அவளுக்கு எல்லாம் நினைவிருக்கும். யாராவது அவளிடம் கேட்டுச் சரிபாருங்கள். யார் கூப்பிட்டு அவர் முதலில் திரும்பினார் என்று மட்டும் கேட்க வேண்டாம்.