முத்திரை உடையாத பை

எனக்கு மைசூரிலேயே போஸ்டிங் கிடைத்தபோது என் மனைவி மாதா கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றபின், ராணுவக் கிடங்குகளுக்குக் காவல் நிற்கும் பிரிவில் மறுபடி சேர்ந்திருந்தேன். அஸ்ஸாமுக்கோ ராஜஸ்தானுக்கோ தூக்கியடிப்பார்கள் என்று பயந்துகொண்டிருந்தோம். நஞ்சன்கூடு சாலையிலிருந்து உள்ளே தள்ளி, புதர்க்காட்டை ஒட்டி இருந்த ஒரு கிடங்கில் போட்டார்கள். அவள் நர்ஸ். இருவருக்கும் பகல் ஷிப்ட் அமைந்தால் ஒரே ஸ்கூட்டரில் கிளம்புவோம். வாழ்க்கையில் முதல்முறையாக மற்ற ஆண்களைப் போல வீட்டுச் சாப்பாட்டு டப்பாவோடு வேலைக்குப் போனேன்.

அங்கே எனக்குக் கிடைத்த ஒரே தமிழ்த் துணை கொள்ளேகால் பக்கத்துக்காரன். என்னைவிட எட்டுப் பத்து வயது இளையவன். 'ஏனுங்கண்ணா' என்று ஆரம்பிக்காமல் அவனுக்குப் பேச வராது. ஊரில் அவன் மனைவி பட்டுப்பூச்சி வளர்த்தாள். லீவு முடிந்து திரும்பும்போதெல்லாம் அவன் சட்டையில் மல்பெரி இலை வாசனை அடிக்கும்.

காவலுக்குப் போகுமுன் துப்பாக்கி தருவார்கள். கூடவே ஐந்து தோட்டாக்கள். அவற்றைத் துப்பாக்கியில் போடக்கூடாது. ஒரு கான்வாஸ் பைக்குள் வைத்து, வாயைச் சணல் நூலால் தைத்து, முடிச்சின்மேல் அரக்கு முத்திரை குத்தியிருப்பார்கள். பையை பெல்ட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும். காவல் தலைவர் உத்தரவில்லாமல் முத்திரையைத் தொடக்கூடாது. ஆள் மாறும்போது பையை வாங்குகிறவன் முதலில் பார்ப்பது அரக்கைத்தான், நம் முகத்தை அல்ல.

அதற்குக் காரணம் இல்லாமலில்லை. எங்கோ ஒரு முகாமில் ஒருவன் கூட இருந்தவனைச் சுட்டான் என்பார்கள். இன்னொருவன் தன்னையே சுட்டுக்கொண்டான் என்பார்கள். இருக்கலாம். ஆனால் இருபது வருஷம் எல்லையில் தோட்டா நிரப்பிய துப்பாக்கியோடு நின்றவன், தன் ஊரில் தையல் போட்ட பையோடு நிற்கும்போது மனசுக்குள் என்னவோ செய்யும். நான் அதைச் சொன்னால் கொள்ளேகால்காரன் சிரிப்பான்.

"விடுங்கண்ணா. ஒரு குண்டு காணாமப் போனா என்ன பாடுன்னு எனக்குத் தெரியுமுங்க. முன்ன இருந்த எடத்துல ஒண்ணு தொலைஞ்சு, கம்பெனி மொத்தமும் மண்ணைச் சலிச்சமுங்க. தொலைச்சவனை என்ன பண்ணாங்கன்னு பாத்தனுங்க. இந்தப் பை தைச்சே இருக்கட்டும்."

மைசூரைச் சுற்றி சிறுத்தை நடமாட்டம் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எங்கள் கிடங்குச் சுவரின்மேலும் அதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். தோட்டாவைத் துப்பாக்கியில் போட அனுமதி வேண்டும் என்று காவல் தலைவரான சுபேதாரிடம் நானே கேட்டேன். அவர் வடக்கத்திக்காரர், கெட்டவரில்லை. "சிறுத்தையைச் சுட்டால் வனத்துறை கேட்கும், சுடாவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள்" என்று இந்தியில் சொல்லிவிட்டு, ஆளுக்கொரு விசில் வாங்கிக் கொடுத்தார்.

மழைக்காலத்தில் ஒருநாள், சாயங்கால வெயில் இறங்கும் நேரம். நான் வாசல் பக்கம் நின்றிருந்தேன். கொள்ளேகால்காரன் பின்சுவர்ப் பக்கம். விசில் சத்தம் கேட்டது. பாதியில் நின்றுபோனது. ஓடினேன். உன்னிச்செடிப் புதருக்குப் பக்கத்தில் அவன் மல்லாந்து கிடந்தான். சிறுத்தை அவன் வலது கையைக் கவ்வியிருந்தது. அவன் இடது கையால் துப்பாக்கியைப் பிடித்து அதன் கட்டையால் இடித்துக்கொண்டிருந்தான். கத்தவில்லை.

என் பையின் தையல் கையில் பிரியவில்லை. பல்லால் கடித்துக் கிழித்தேன். அரக்குத் துண்டு வாய்க்குள் போனது. ஒரு தோட்டாவைப் போட்டு வானத்தைப் பார்த்துச் சுட்டேன். சிறுத்தை விட்டுவிட்டுச் சுவரேறிப் போய்விட்டது. அவன் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி எனக்கு இன்றைக்கும் ஜீரணமாகவில்லை.

"அண்ணா, என் பை இருக்குதுங்களா?"

இருந்தது. ரத்தத்தில் நனைந்து, தையல் பிரியாமல், அரக்கு உடையாமல் இருந்தது.

அவனை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். நானும் ஏறப்போனேன். சுபேதார் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். "சுட்ட தோட்டாவின் காலிக் குப்பி எங்கே?"

சுட்டால் குப்பியைக் கணக்கில் ஒப்படைக்க வேண்டும்; அதைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. புதருக்குள் எங்கோ தெறித்திருந்தது. மறுநாள் காலையிலிருந்து காவல் இல்லாத அத்தனை பேரும் அரிவாளோடு புதரை வெட்டினார்கள். மண்ணைச் சலித்தார்கள். அந்த வாரம் முழுவதும் அதே வேலை. ஆஸ்பத்திரியில் கிடந்தவனைப் பார்க்க யாருக்கும் வெளியே போக அனுமதியில்லை. என் மனைவிதான் தன் டூட்டி முடிந்ததும் பஸ் பிடித்துப் போய், அவன் மனைவிக்குத் துணையாக உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள். அவன் கையின் நரம்புகள் அறுந்துவிட்டன என்று அவள் போனில் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

குப்பி கிடைக்கவே இல்லை. கடைசியில் சுபேதார் சுடும் பயிற்சித் தளத்திலிருந்து ஒரு காலிக் குப்பியை வரவழைத்தார். அதன்மேல் ஈர மண்ணைத் தேய்த்து, "கிடைத்துவிட்டது" என்றார். எல்லோரும் நிம்மதியாக அரிவாளைக் கீழே போட்டோம். நானும்தான்.

பெங்களூரிலிருந்து ஓர் அதிகாரி விசாரணைக்கு வந்தார். என்னிடம் சிறுத்தையைப் பற்றி ஒரு கேள்விதான் கேட்டார். மற்ற எல்லாம் முத்திரையைப் பற்றி.

"உத்தரவு யார் கொடுத்தது?"

"யாரும் கொடுக்கலை சார். கேக்க நேரமில்லை."

"கேட்டிருந்தால் சுபேதார் மறுத்திருப்பாரா?"

"தெரியாது சார். அதுக்குள்ள அவன் செத்திருப்பான்."

அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. எனக்குக் கண்டனம் என்று முடிவானது. அடுத்த முறை பணிநீட்டிப்பு கிடைக்கவில்லை. என் நண்பனுக்கோ ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே பாராட்டு வந்தது. உயிர் போகும் நிலையிலும் தோட்டாக்களைக் கட்டுப்பாட்டோடு காத்தான் என்று.

சில மாதங்கள் கழித்து, இனி வேலைக்கு ஆவானா என்று பார்க்க, மருத்துவக் குழு முன்னால் அவனை நிறுத்தினார்கள். நானும் துணைக்குப் போய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தவன் என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"துப்பாக்கி இருந்துச்சே, குண்டு இருந்துச்சே, ஏன் சுடலைன்னு கேட்டாங்கண்ணா."

"நீ என்ன சொன்னே?"

"ஆமாங்க சார், இருந்துச்சுங்கன்னேன்."

எனக்கு அந்த வராந்தாவிலேயே யாரையாவது அடிக்க வேண்டும்போல் இருந்தது. அடிக்க அங்கே யாரும் இல்லை. அறைக்குள் இருந்த டாக்டர்கள் அவர்கள் கேட்க வேண்டியதைக் கேட்டார்கள். சுபேதார் அவர் செய்ய வேண்டியதைச் செய்தார். அதிகாரியும் அப்படித்தான். ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்து ஒவ்வொருவராக விட்டுவிட வேண்டியிருந்தது.

இப்போது நான் ஓர் அபார்ட்மெண்ட் வாசலில் நீல யூனிபார்மில் நிற்கிறேன். அவன் ஊரோடு போய்விட்டான். இடது கையால் மல்பெரி இலை பறிக்கப் பழகிக்கொண்டான். வலது கையை மடக்க வராது. அவன் மனைவி ஒருமுறை என்னிடம், "எடது கையில சோறு பெசையப் பழகத்தான் ரொம்ப நாளாச்சுங்க" என்றாள். அதற்குமேல் அவள் குறைசொல்லிக் கேட்டதில்லை.

வருஷத்துக்கு ஒருமுறை மைசூரில் முன்னாள் படைவீரர்களைக் கூப்பிட்டு சால்வை போர்த்துவார்கள். நான் போவதில்லை. "ஹோகலி, போகட்டும் விடுங்க, உயிரோட இருக்காரில்ல" என்பாள் என் மனைவி. உயிரோடு இருப்பது போதும் என்று நர்ஸாக இருக்கிறவளுக்குத் தோன்றலாம். எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் அவன் போகிறான். கொள்ளேகாலிலிருந்து காலை பஸ்ஸில், பதக்கங்களைக் குத்திக்கொண்டு, மனைவி இஸ்திரி போட்ட சட்டையோடு வருகிறான். போன வருஷம் அபார்ட்மெண்ட் வாசலுக்கே வந்து நின்றான். முகத்தில் அத்தனை சந்தோஷம்.

"வாங்கண்ணா, சுபேதாரும் வந்திருக்கறாருங்க. உங்களைத்தான் கேட்டாரு. சாப்பாடு நல்லா இருக்குமுங்க."

"உனக்குக் கோவமே வரலையாடா?" என்று கேட்டேன்.

"வந்து என்னங்கண்ணா பண்றது" என்றான்.

டூட்டியை விட்டு வரமுடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவன் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். சுபேதார்மேலும் அந்த அதிகாரிமேலும் இருந்த கோபமெல்லாம் அன்றைக்கு அவன்மேல் திரும்பியது. அது அநியாயம் என்று தெரியும். தெரிந்தும் குறையவில்லை.